வீட்டுத் தொலைநோக்கியில் வானப் படம்: சிக்கல் ஆடியில் இல்லை, தாங்கியில்

2024 அக்டோபரில் சுசின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி வந்துபோனபோது வழக்கமான இரண்டு கேள்விகள் மறுபடியும் கிளம்பின. வீட்டில் செய்த தொலைநோக்கியில் எடுத்ததாகச் சொல்லப்படும் வண்ணப் படங்கள் நிஜம்தானா என்பது ஒன்று. ஆறு அங்குல ஆடி வைத்துத் தொலைநோக்கி கட்டி, சனியின் வளையத்தைக் கண்ணால் தெளிவாகப் பார்த்துவிட்டவர்கள் கேட்பது இன்னொன்று: கேமராவை மாட்டினால் மட்டும் ஏன் ஒன்றும் விழவில்லை?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் நிஜம்தான். இரண்டாவதற்குப் பதில் சற்று நீளம். தொலைநோக்கி செய்கிற பலர் தங்கள் கவலையை எல்லாம் ஆடியின் மேலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஆனால் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆடி அல்ல. ஆடியைப் பிடித்திருக்கும் குழாய், அதைத் தாங்கும் அடித்தளம் (தாங்கி), கேமரா உட்காரும் இடம் ஆகிய மூன்றும்தான்.

கண் பார்ப்பதும் கேமரா சேர்ப்பதும்

ஓரியன் நெபுலா எனும் விண்வெளி வாயு மேகத்தை 150 மி.மீ. தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பல் நிறப் புகை மாதிரிதான் தெரியும். படத்தில் அது சிவப்பும் நீலமுமாக இருக்கிறது. இதற்குக் காரணம் மூன்று.

1. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு வந்த ஒளியை வைத்துக் காட்சியை உருவாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கேமராவின் சென்சாரோ திறந்திருக்கும் நேரம் முழுவதும் சேர்த்துக்கொண்டே இருக்கும்.
2. மங்கிய ஒளியில் விழித்திரையின் நிறமறியும் கூம்பு செல்கள் வேலை செய்வதில்லை. நிறம் அறியாத கோல் செல்களே பார்க்கின்றன. நெபுலாவில் நிறம் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.
3. தொலைநோக்கி நட்சத்திரத்தைப் பிரகாசமாக்கும். நெபுலா போன்ற பரந்த பொருளைப் பெரிதாக்குமே தவிர, அதன் பரப்புப் பிரகாசத்தை வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு மேல் கூட்டாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் இந்த விதி மாறாது.

இனி வரும் கணக்குகளுக்கு நான்கு சொற்கள் போதும். ஆடியின் விட்டம் ‘துளை’. ஆடியிலிருந்து பிம்பம் குவியும் இடம்வரை உள்ள நீளம் ‘குவிதூரம்’. குவிதூரத்தைத் துளையால் வகுத்தால் ‘எஃப் எண்’: 150 மி.மீ. துளை, 1200 மி.மீ. குவிதூரம் என்றால் எஃப்/8. நான்காவது ‘பட அளவு’, அதாவது சென்சாரின் ஒரு பிக்சல் வானில் எத்தனை வில்விநாடியைப் பார்க்கிறது என்பது. ஒரு பாகையில் 3600 வில்விநாடி. முழுநிலாவின் அகலம் ஏறத்தாழ 1800. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கிலான குவிதூரத்தால் வகுத்தால் பட அளவு கிடைக்கும். 4 மைக்ரான் பிக்சல், 1200 மி.மீ. குவிதூரம் என்றால் பிக்சலுக்கு 0.69 வில்விநாடி.

டப்பாவில் ‘675 மடங்கு’ என்று அச்சிட்டு விற்கும் பொம்மைத் தொலைநோக்கிகளின் உருப்பெருக்க எண்ணுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. படமெடுப்பதில் அதற்கு வேலை கிடையாது.

ஆடி: கையாலேயே முடிகிற துல்லியம்

நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் அடியில் ஒரு குழிவான முதன்மை ஆடி, மேலே 45 பாகை சாய்ந்த சிறிய தட்டை ஆடி, பக்கவாட்டில் ஃபோகசர், அதாவது கண்வில்லையையோ கேமராவையோ முன்னும் பின்னும் நகர்த்திக் குவிக்கும் குழல். 150 மி.மீ. எஃப்/8 ஆடிக்கு நடுவில் தோண்ட வேண்டிய ஆழம் 1.17 மி.மீ. மட்டுமே. கடினமானது ஆழம் அல்ல, வடிவம்: பிம்பம் கெடாமலிருக்க ஆடியின் பரப்பு சரியான வளைவிலிருந்து சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. ஒரு மி.மீ.யை 14,000 பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு.

இது கையால் முடிவது எப்படி? இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே தேய்ப்புத் தூளும் தண்ணீரும் இட்டு, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே சுற்றிலும் திசை மாற்றினால், மேலுள்ளது குழியும், கீழுள்ளது குவியும். ஆட்டுக்கல்லும் குழவியும் தேயத் தேய ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்வது மாதிரிதான். எல்லாத் திசையிலும் எல்லா நிலையிலும் ஒட்டிக்கொண்டே நகரக்கூடிய வளைந்த பரப்பு கோளம் ஒன்றுதான். ஆகவே கையின் தடுமாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிழை தானாகவே திருந்துகிறது. அடித்தளத்துப் பற்சக்கரத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்பதைக் கீழே பார்ப்போம்.

வேலையின் வரிசை இப்படி:

1. 150 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன் கொண்ட கண்ணாடி. ஓரத்தை 2 மி.மீ. அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து பெயரும் சில்லு பரப்பைக் கீறிவிடும்.
2. 80 எண் கார்போரண்டம் தூளில் குழித்தல். தேவையான ஆழம் வந்ததும் 120, 220, 320, 500 எனப் படிப்படியாக நுண்ணிய தூளுக்கு மாறுதல். கடைசியில் 12 மைக்ரான், 5 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு.
3. கீழ்க்கண்ணாடி மேல் பிட்ச் எனும் தார்ப்பசையை வார்த்து, சதுரம் சதுரமாக வரி கீறி, சீரியம் ஆக்சைடு கலந்த தண்ணீரில் மெருகேற்றுதல்.
4. சோதனை, கோளத்தைப் பரவளையமாக்குதல் (இணையாக வரும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவு அது).
5. வெற்றிடக் கலத்தில் அலுமினியப் பூச்சு. இதை மட்டும் வீட்டில் செய்ய முடியாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில். ஒரே ஒரு 80 எண் துகள் வாளியிலோ நகக்கண்ணிலோ தங்கி 500 எண் கட்டத்துக்கு வந்துவிட்டால் கண்ணாடியில் நீளக் கீறல் விழும். இரண்டு படி பின்னால் போக வேண்டியதுதான். ஒவ்வொரு தூளுக்கும் தனி வாளி, தனித் துணி, புதிய செய்தித்தாள் விரிப்பு வேண்டும். இன்னொரு குறை ‘தாழ்ந்த ஓரம்’: பிட்ச் இளகிப்போனால் ஆடியின் விளிம்பு மட்டும் அதிகமாகத் தேய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் இது அடிக்கடி நடக்கும். மெருகேற்றுவதை அதிகாலைக்கு மாற்றுவதும் கெட்டியான பிட்ச் எடுப்பதுமே வழி.

நான்காம் படிச் சோதனை 1850-களின் இறுதியில் பிரான்சின் லியோன் ஃபூக்கோ கண்டுபிடித்தது. ஆடியிலிருந்து 2400 மி.மீ. தூரத்தில் ஊசித்துளை வழியாக ஒரு எல்இடி வெளிச்சம். அது திரும்பி வந்து குவியும் இடத்தில் ஒரு ஷேவிங் பிளேடு. பிளேடு ஒளியை வெட்டும்போது ஆடியின் மேடுபள்ளங்கள் நிழலாக எழும். சில பத்து நானோமீட்டர் மேடுகூடத் தெரிந்துவிடும். வெளிச்சமும் பிளேடும் சேர்ந்து நகரும்படி அமைத்தால், 150 எஃப்/8 பரவளையத்தில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் குவியும் இடம் 1.17 மி.மீ. வேறுபட வேண்டும்.

முதல் ஆடி தேய்ப்பவர்களுக்கு எஃப்/8 பரிந்துரைக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அளவில் வெறும் கோளமாகவே நிறுத்திவிட்டாலும் ஒளியலையில் வரும் பிழை ஏறத்தாழ அலைநீளத்தில் கால் பங்குதான். ஏற்கத்தக்க எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதே ஆள் 200 மி.மீ. எஃப்/5 ஆடியைக் கோளமாக விட்டால் பிழை அலைநீளத்தைத் தாண்டிவிடும். பரவளையம் தவிர்க்க முடியாதது.

வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டது ஏறத்தாழ இதே அளவு, அதாவது 6.2 அங்குலம் கொண்ட, தாமே தேய்த்த உலோக ஆடியில்தான். அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர் தம் கையால் தேய்த்த பதினைந்தரை அங்குலக் கண்ணாடி ஆடியால் 1863-இல் நிலாவைப் படம்பிடித்தார். ஆனால் ஓரியன் நெபுலாவின் முதல் படம் அவருக்குக் கிடைத்தது 1880 செப்டம்பரில், அதுவும் 11 அங்குல லென்ஸ் தொலைநோக்கியில். அந்தப் படத்துக்கு 51 நிமிடம் நெபுலாவை விடாமல் பின்தொடர வேண்டியிருந்தது. நிலாவுக்கும் நெபுலாவுக்கும் நடுவே கழிந்த அந்தப் பதினேழு ஆண்டுகள், நல்ல ஆடி இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பழைய சாட்சி.

கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவுக்குக் குவியவில்லை

புதிதாகக் கட்டியவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் இது. கண்வில்லையில் பார்க்கும்போது பிம்பம் ஃபோகசரின் மேல்விளிம்புக்கு அருகிலேயே விழுகிறது. டிஎஸ்எல்ஆர் கேமராவை டி-வளையம் (கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் வளையம்) வைத்து மாட்டினால், வளையத்தின் முகத்திலிருந்து சென்சார் 55 மி.மீ. உள்ளே இருக்கிறது. ஆக, ஃபோகசர் அந்த 55 மி.மீ. உள்ளே இறங்க வேண்டும். கண்ணுக்கென்று கட்டிய தொலைநோக்கியில் அவ்வளவு இறங்க இடம் இருக்காது. திரையில் மங்கிய வட்டம்தான் வரும், அல்லது ஒன்றுமே வராது. ஆடியைச் சந்தேகிக்க வேண்டாம்.

தீர்வுகள்:

1. முதன்மை ஆடியைக் குழாய்க்குள் 50–60 மி.மீ. மேலே ஏற்றுவது. மலிவான, நிரந்தரமான வழி. பிவிசி குழாயானால் ஆடித்தாங்கியின் திருகுத் துளைகளைப் புதிய இடத்தில் போட்டால் முடிந்தது.
2. உயரம் குறைந்த ஃபோகசர் வாங்குவது.
3. குவிதூரத்தை நீட்டும் பார்லோ லென்ஸ் செருகுவது. அது பிம்பத்தை வெளியே தள்ளும், இரட்டிப்பு வகையானால் குவிதூரமும் இரட்டிப்பாகும். கோள்களுக்கு நல்லது, நெபுலாவுக்கு அல்ல.
4. ஒன்றேகால் அங்குலக் குழலுக்குள்ளேயே நுழையும் சிறிய கோள் கேமரா. சென்சார் முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது.

முதல் வழியில் ஒரு பின்விளைவு உண்டு. பிம்பம் வெளியே நகர்ந்ததால், சிறிய தட்டை ஆடி இப்போது ஒளிக்கூம்பை இன்னும் அகலமான இடத்தில் வெட்டுகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழாயின் மையத்திலிருந்து சுவர் 90 மி.மீ., ஃபோகசர் 60 மி.மீ., கேமரா 55 மி.மீ.; மொத்தம் 205. சென்சாரில் 20 மி.மீ. அகலத்துக்கு முழு ஒளி வேண்டுமென்றால்: 150-இலிருந்து 20-ஐக் கழித்து, 205 ஆல் பெருக்கி, 1200 ஆல் வகுத்தால் 22, அதோடு 20-ஐக் கூட்டினால் 42 மி.மீ. கண்ணுக்கு 30 மி.மீ. தட்டை ஆடி போதும். அதையே வைத்துக்கொண்டு கேமராவை மாட்டினால் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். கட்டுவதற்கு முன்பே எதற்கென்று முடிவுசெய்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் ஒரே குழாய் என்பது இரண்டிலும் அரைகுறையாகத்தான் முடியும்.

செல்போனைக் கண்வில்லைமேல் வைத்து எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. போனின் லென்ஸ், கண் இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் இருந்தால் போதும். கையில் பிடிக்காமல் பிடிப்பானில் மாட்டுங்கள், 25 மி.மீ. கண்வில்லையில் தொடங்குங்கள், வெளிச்ச அளவைக் கையால் குறையுங்கள்.

நொடிக்கு 15 வில்விநாடி

பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி. அதனால் வானநடுக்கோட்டின் அருகிலுள்ள நட்சத்திரம் நொடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. முன்பு கண்ட பட அளவால் வகுத்தால், 1200 மி.மீ. குவிதூரத்தில் நொடிக்கு 22 பிக்சல். ஒரு நொடி எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி சேர்க்கும் நேரம்) கொடுத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். அதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் பிக்சலுக்கு 16.5 வில்விநாடி, நகர்வு நொடிக்கு ஒரு பிக்சல்கூட இல்லை.

எதைப் படமெடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு கணக்குதான். மூன்று வழி பிரிகிறது: எக்ஸ்போஷரைக் குறைக்கலாம் (நிலா, கோள்கள்), குவிதூரத்தைக் குறைக்கலாம் (பரந்த வானம்), வானத்தோடு சேர்ந்து சுற்றலாம் (நெபுலா, விண்மீன் மண்டலம்). செலவும் பாடும் இந்த வரிசையிலேயே ஏறும்.

முதல் வழி: நிலாவும் கோள்களும்

ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் பரப்பிய பெட்டி வகைத் தாங்கி இதற்குப் போதும். பிளைவுட் பெட்டி, சன்மைகா ஒட்டிய பரப்பு, அதன்மேல் வழுக்க மூன்று டெஃப்லான் துண்டுகள். மோட்டார் கிடையாது.

நிலாவின் பிம்பம் 1200 மி.மீ. குவிதூரத்தில் ஏறத்தாழ 11 மி.மீ.; பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களிலுள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் அப்படியே அடங்கும். முழுநிலாவுக்கு எஃப்/8-இல் ஐஎஸ்ஓ 100, நொடியில் 200-இல் ஒரு பங்கு. அரைநிலாவுக்கு ஐஎஸ்ஓ 400. பள்ளங்களின் நிழல் தெரிவது அரைநிலாவில்தான். முழுநிலாப் படம் தட்டையாக, சுவாரசியமே இல்லாமல் இருக்கும். சூரியனைப் படமெடுக்க வேண்டுமானால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி இருந்தே ஆக வேண்டும். கண்வில்லைப் பக்கம் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடித்தால் கண் போய்விடும்.

கோள்கள் சிறியவை. வியாழன் 45 வில்விநாடி அகலம் இருக்கும்போதுகூட 1200 மி.மீ.யில் அதன் பிம்பம் கால் மி.மீ.தான். இதில் எதிரி நகர்வு மட்டுமல்ல, கொதிக்கும் காற்றும். 150 மி.மீ. ஆடி 0.8 வில்விநாடி வரை பிரித்துக் காட்ட வல்லது. காற்று பல இரவுகளில் 2 வில்விநாடிக்குக் குழப்பிவிடும். ஆனால் காற்று நொடிக்கு நொடி மாறுகிறது. இடையிடையே தெளிவான கணங்கள் வரும். ஆயிரக்கணக்கில் எடுத்து, தெளிந்த கணங்களை மட்டும் பொறுக்குவதே உத்தி:

1. எஃப் எண், பிக்சல் மைக்ரானைப் போல் ஐந்து மடங்கு இருக்கட்டும். 3 மைக்ரான் பிக்சலுக்கு எஃப்/15; எஃப்/8 குழாயில் இரட்டிப்புப் பார்லோ போட்டால் சரியாக வரும்.
2. ஆடிகளை நேர்ப்படுத்துங்கள். முதன்மை ஆடியின் நடுவில் ஒரு வளைய ஸ்டிக்கர், ஃபோகசரில் நடுத்துளை போட்ட மூடி. துளை வழியே பார்த்தால் எல்லா வட்டங்களும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். எஃப்/8-ஐவிட எஃப்/4-க்கு இதில் எட்டு மடங்கு கண்டிப்பு வேண்டும்.
3. எக்ஸ்போஷர் 5 முதல் 15 மில்லிநொடி. சுருக்கப்படாத வீடியோவாகப் பதியுங்கள்.
4. மோட்டார் இல்லையென்றால் கோளைப் படச்சட்டத்தின் ஒரு ஓரத்தில் நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள். 2400 மி.மீ. குவிதூரத்தில், 5.6 மி.மீ. அகலச் சென்சாரை அது அரை நிமிடத்தில் கடக்கும். மறுபடியும் நிறுத்துங்கள்.
5. வியாழனுக்கு மொத்தம் 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அது 10 மணிக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. அதற்கு மேல் போனால் மேகப் பட்டைகளின் விவரம் கரையும்.
6. ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் வீடியோவின் சிறந்த 20–30 விழுக்காட்டுப் படச்சட்டங்களை அடுக்கி (ஒன்றாக்கிச் சராசரி எடுத்து), ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்குங்கள். கூர்மைக் குமிழை நிறுத்தத் தெரியாததால்தான் பல படங்களில் சனி பிளாஸ்டிக் பொம்மை போல் ஆகிவிடுகிறது.

இரண்டாம் வழி: இரண்டு பலகையும் ஒரு திருகும்

தொலைநோக்கி கட்டிவிட்டு நேரே நெபுலாவுக்குத் தாவுபவர்கள் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் ஹெய்க் 1970-களில் முன்வைத்த ‘கொட்டகைக் கதவு’ என்னும் எளிய கருவி அது. கீலால் இணைந்த இரு பலகை, நடுவே ஒரு திருகு தண்டு, மேல்பலகையில் கேமரா. கீலின் அச்சு வானத் துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோல் தோன்றும் மையத்தை, நோக்க வேண்டும். திருகைச் சுற்றினால் மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும்.

இதில் எல்லாமே ஒரு அளவில் இருக்கிறது. எம்6 தண்டில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏற்றம். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், கீலின் ஊசியிலிருந்து தண்டு வரை 228.6 மி.மீ. இருக்க வேண்டும். 1.25 மி.மீ. ஏற்றமுள்ள எம்8 தண்டானால் 285.7 மி.மீ. அளப்பது பலகையின் ஓரத்திலிருந்தல்ல, கீல் ஊசியின் மையத்திலிருந்து. 1 மி.மீ. தவறினால் நிமிடத்துக்கு 4 வில்விநாடி பிசகும்: 50 மி.மீ. லென்ஸில் இரண்டு நிமிடம் வரை கண்ணுக்குத் தெரியாது, 135 மி.மீ. லென்ஸில் தெரியும். நேர்த்தண்டு என்பதால் இன்னொரு பிழையும் சேரும். 15 நிமிடத்தில் 20 வில்விநாடிக்குள் அடங்கும், 30 நிமிடத்தில் 150-ஐத் தாண்டும். ஆகவே கால்மணிக்கு ஒருமுறை திருகைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. மலிவான 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டாரையும் அர்டுயினோவையும் வைத்து ஓட்டினால், இந்தப் பிழையை நிரலிலேயே திருத்தலாம்.

வடக்கு நோக்கி நின்றால் கீல் இடப்பக்கம், அதாவது மேற்கில் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டால் நட்சத்திரக் கோடு இரட்டிப்பு நீளமாகும். முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களை நம் ஊரில் அப்படியே பின்பற்ற முடியாது. அவை 40, 50 பாகை அட்சரேகைக்காரர்கள் வரைந்தவை. துருவ நட்சத்திரம் சென்னையில் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10-க்குக் கொஞ்சம் கீழே, நாகர்கோவிலில் 8, சிங்கப்பூரில் அடிவானத்தோடு ஒட்டிவிடுகிறது. கீலின் அச்சு கிட்டத்தட்டப் படுத்திருக்கும். முக்காலியின் தலையைச் சாய்ப்பதைவிட, அட்சரேகைக் கோணத்துக்கு வெட்டிய மரச் சாய்வின்மேல் பலகையைத் திருகுவதே உறுதியானது. வடக்கே கட்டடமோ தூசியோ மறைத்தால் காந்த ஊசியையும் செல்போனின் சாய்வுமானியையும் வைத்து ஒரு பாகைக்குள் நிறுத்தலாம். ஒரு பாகை பிசகினால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 வில்விநாடி நகர்வு: 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல், தாங்கிக்கொள்ளலாம். அதே பிசகு 1200 மி.மீ. தொலைநோக்கியில் நிமிடத்துக்கு 23 பிக்சல். முதலில் லென்ஸ், பிறகு தொலைநோக்கி என்று சொல்வது இதனால்தான்.

அட்சரேகை குறைந்திருப்பதில் ஆதாயமும் உண்டு. ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்துக்குத் தென்வானம் நன்கு கிடைப்பதும் இதனால்தான். ஒமேகா சென்டாரி எனும் நட்சத்திரக் கொத்து மதுரையில் 32 பாகை வரை ஏறும். கரீனா நெபுலா 20 பாகை. ஐரோப்பியர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பவை இவை. 50 மி.மீ., எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, தலா ஒரு நிமிடமாக 60 படம் என்று தொடங்கலாம்.

மூன்றாம் வழி: நெபுலாவைத் தொலைநோக்கியிலேயே பிடிப்பது

இங்கேதான் ஆடிக்கும் தாங்கிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு முழுதாக வெளிப்படும். 100 மி.மீ. ஆரமுள்ள பற்சக்கரத்தில் ஒரு வில்விநாடி என்பது அரை மைக்ரான். லேத்தில் 10 மைக்ரான் பிசகினால் நட்சத்திரம் 20 வில்விநாடி ஆடும், 1200 மி.மீ.யில் 30 பிக்சல். ஆடி தேயத் தேயத் திருந்தும். பற்சக்கரம் வெட்டிய பிழையோடேயே சுற்றும். 144 பல் சக்கரமானால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஆட்டம் திரும்பத் திரும்ப வரும்.

ஆடியைத் தாமே தேய்த்துக் குழாயையும் தாமே கட்டுபவர்கள்கூட, இந்த வழிக்கு வரும்போது தாங்கியை விலைக்கு வாங்குவதே புத்திசாலித்தனம். கூடவே வேண்டியவை:

- 1200 மி.மீ. நீளக் குழாய் காற்றில் பாய்மரம் மாதிரி அசையும். 150 மி.மீ. எஃப்/5, அதாவது 750 மி.மீ. குவிதூரமே படத்துக்கு ஏற்றது. ஆனால் அந்த ஆடியைப் பரவளையமாக்கியே ஆக வேண்டும்.
- சிறிய வழிகாட்டித் தொலைநோக்கியும் கேமராவும். நட்சத்திரத்தின் ஆட்டத்தைக் கணினி பார்த்து மோட்டாரைத் திருத்திக்கொண்டே இருக்கும்.
- குவியம். எஃப்/8-இல் குவியம் தாங்கும் இடைவெளி ஏறத்தாழ 0.14 மி.மீ.; எஃப்/4-இல் 0.035 மி.மீ. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. அட்டையில் சாய்ந்த கீற்றுகள் வெட்டிய பாட்டினோவ் முகமூடியைக் குழாய் வாயில் மாட்டி, நடுக்கோடு இரு கோடுகளுக்கும் சரிநடுவே வரும்வரை திருகுங்கள். முடிந்ததும் முகமூடியைக் கழற்ற மறந்து ஒரு மணி நேரம் படமெடுப்பவர்கள் நிறைய.
- திருத்தப் படங்கள். மூடியைப் போட்டு அதே எக்ஸ்போஷரில் 20 ‘இருள்’ படங்கள். மூலை இருட்டையும் தூசிப் புள்ளியையும் கழிக்க, அந்தி வானத்தை வெள்ளைத் துணி வழியே எடுத்த 20 ‘தட்டைப்’ படங்கள். சென்சாரின் வெப்ப இரைச்சல் சுமார் 6 பாகை செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 28 பாகை இரவில் எடுக்கும் நமக்கு இருள் படம் விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல.

படங்களை அடுக்குவதற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் எனும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். 60 படங்களை அடுக்கினால் இரைச்சல் அறுபதில் ஒரு பங்காகாது. வர்க்கமூலக் கணக்கில் எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும். தரத்தை இரட்டிப்பாக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். வண்ணப் படங்கள் பொய்யா என்ற கேள்விக்கு விடையும் இங்கே இருக்கிறது: மங்கலாகச் சேர்ந்திருப்பதை நீட்டிக் காட்டுகிறார்கள், இல்லாததைச் சேர்ப்பதில்லை. குறிப்பிட்ட தனிமங்களின் ஒளியை மட்டும் வடிகட்டி, பிறகு நிறம் ஒதுக்கும் முறை வேறு. அந்த நிறங்கள் எடுத்தவர் தேர்ந்தவை.

மொட்டை மாடியின் சங்கடங்கள்

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கும். அந்தக் காற்று குழாயின் வாய்க்கு நேரே எழும். கோள் படங்களுக்கு மண்தரையோ புல்தரையோ மேல். மாடிதான் கதி என்றால் மாலையில் தண்ணீர் தெளித்து விடுங்கள்; நள்ளிரவுக்குப் பிறகு எடுங்கள். மாடியில் யாராவது நடந்தால் அதுவும் படத்தில் விழும்.

குளிர்நாட்டார் ஆடி ஆறக் காத்திருப்பார்கள். நமக்குச் சிக்கல் தலைகீழ்: ஏசி அறையிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் ஆடி முழுக்க நீர் பூத்துவிடும். துடைக்கக் கூடாது, அலுமினியப் பூச்சு கீறிவிடும். சாதாரண அறையில் வைத்திருந்து, ஒரு மணி நேரம் முன்பே வெளியே கொண்டுவருவது நல்லது. தை, மாசிப் பனியில் தட்டை ஆடியில் ஈரம் படிந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டலாம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்காவிட்டால் லென்ஸுகளில் பூஞ்சை பிடிக்கும்.

இந்தப் படங்களால் யாருக்கு என்ன பயன்

2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வெஸ்லி, தாமே கட்டிய 14.5 அங்குலத் தொலைநோக்கியில் வியாழனைப் பதிந்துகொண்டிருந்தபோது தென்துருவத்தருகே ஒரு கருந்தழும்பைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதியிருந்தது. ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதிசெய்தது. சில நாளில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று வியாழனில் தோன்றி மறைந்த ஒரு மின்னலை வெஸ்லியும் பிலிப்பைன்ஸின் கிறிஸ்டோபர் கோவும் தனித்தனியே பதிந்தார்கள். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பதிவானதால்தான் அது கேமராக் கோளாறு அல்ல என்று உறுதியாயிற்று.

பெரிய ஆய்வகங்கள் ஒரே கோளை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த இடைவெளி வீட்டுத் தொலைநோக்கிகளுக்கானது. அப்படிப்பட்ட பதிவு பிறருக்குப் பயன்பட வேண்டுமானால், கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்திவிட்டுத் தொடங்குங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியையும் உலகப் பொது நேரத்தையும் எழுதுங்கள். இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் அது வரும். கூர்மையாக்கிய படத்தோடு மூல வீடியோவையும் அழிக்காமல் வைத்திருங்கள். சரிபார்க்க விரும்புகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.